பக்கத்து இலை

நம் ஊரில் இரண்டு பேர் சந்தித்துக்கொண்டால் முதலில் வருகிற கேள்வி, "சாப்பாடு ஆச்சா?" என்பதுதான். அதற்கு யாரும் யோசித்துப் பதில் சொல்வதில்லை. "ஆச்சு" என்பார்கள், பேச்சு அடுத்த விஷயத்துக்குப் போய்விடும். நானும் இந்தக் கேள்வியைப் பல்லாயிரம் தடவை கேட்டிருப்பேன். கேட்டுவிட்டுப் பதிலைக் காதில் வாங்கிக்கொண்டேனா என்றால், இல்லை.

என் அக்காள் மகளிடம் இரண்டு வருஷம் இப்படிக் கேட்டேன். அவள் கோயம்புத்தூரில் கல்லூரி விடுதியில் தங்கிப் படித்துக்கொண்டிருந்தாள். ஞாயிற்றுக்கிழமைதோறும் தொலைபேசியில் கூப்பிடுவேன். "சாப்பிட்டியாம்மா?" "ஆச்சு மாமா." அவ்வளவுதான். ஒரு தீபாவளிக்கு ஊருக்கு வந்தாள். கரூர் பஸ் நிலையத்தில் அழைத்துவரப் போயிருந்த நான், முதலில் அடையாளம் கண்டுகொண்டது அவளுடைய பையைத்தான். பிறகுதான் பையைத் தூக்கிக்கொண்டு நிற்பவள் அவள் என்று தெரிந்தது. இரண்டு வருஷமாக வந்துகொண்டிருந்த "ஆச்சு" எவ்வளவு பெரிய பொய் என்று அந்தக் கணத்தில் புரிந்தது.

வீட்டில் பிரளயம். அக்கா தட்டை எடுத்துக்கொண்டு அவள் பின்னால் நடந்தாள். "ஒரு வாய்டி, எனக்காக ஒரு வாய்" என்று கெஞ்சினாள். அத்தான் கத்தினார், படிப்பை நிறுத்திவிடுவேன் என்றார். பாட்டி திருஷ்டி சுற்றிப் போட்டாள். நான் கதை எழுதுகிறவன் அல்லவா? உட்கார்த்திவைத்து அழகாகப் பேசினேன். உயிரின் மகத்துவம் பற்றி ஒரு மணி நேரம் பேசினேன். அவள் தலையைக் குனிந்து கேட்டுக்கொண்டாள், சாப்பிடவில்லை.

பின்னாளில் இந்த நோயைப் பற்றித் தேடிப் படித்தபோது ஒரு விஷயம் என்னைத் திடுக்கிட வைத்தது. 1873-ஆம் வருஷம் பாரிஸ் நகரத்து மருத்துவர் லாசேக் இதைப் பற்றி எழுதியிருக்கிறார். இப்படிப்பட்ட பெண்ணின் குடும்பத்தாரிடம் இரண்டே ஆயுதங்கள் உண்டு, ஒன்று கெஞ்சல், மற்றொன்று மிரட்டல், இரண்டும் தீர்ந்துபோகும்வரை பிரயோகிப்பார்கள் என்பது அவர் கண்டது. நூற்றைம்பது வருஷத்துக்கு முன் பாரிஸில் இருந்த மனிதர் எங்கள் வீட்டுக் கூடத்தை எட்டிப் பார்த்து எழுதினாற்போல் இருந்தது!

அதே 1873-இல் லண்டனில் சர் வில்லியம் கல் என்ற வைத்தியர் இந்நோய்க்கு 'அனோரெக்ஸியா நெர்வோஸா' என்று பெயர் சூட்டினார். நரம்புத் தளர்ச்சியால் வந்த பசியின்மை என்று பொருள். பெயர் அத்தனை பொருத்தமில்லை. பசி இல்லாமல் இல்லை. பசி இருக்கிறது, அதை மிதித்துக்கொண்டு மேலே ஒரு பயம் நிற்கிறது. நோயாளியைக் கவனிக்க உற்றார் உறவினரைவிட மோசமானவர்கள் இல்லை என்பது கல் துரையின் அபிப்பிராயம். ஆகவே குடும்பத்தைப் பிரித்து நிறுத்திவிட்டு, தாதியை வைத்து உணவு கொடுக்கச் சொன்னார். அதைப் படித்தபோது எனக்குக் கோபம் வந்தது. பிறகு எங்கள் வீட்டுத் தீபாவளியை நினைத்துக்கொண்டேன்; கோபம் தணிந்துவிட்டது.

இங்கே என் குற்றம் ஒன்றையும் சொல்லியாக வேண்டும். பல வருஷங்களுக்கு முன் ஒரு சிறுகதை எழுதினேன். ஐந்து குழந்தைகளுக்கும் பரிமாறிவிட்டு, சட்டியில் மிச்சமில்லாமல், ஒரு செம்புத் தண்ணீரைக் குடித்துவிட்டுப் படுத்துக்கொள்ளும் தாயைப் பற்றிய கதை. நல்ல பெயர் வாங்கிக் கொடுத்த கதை. அக்காள் மகளின் மேஜையில் அந்தத் தொகுதியைப் பார்த்தேன். தண்ணீர் குடிக்கிற அந்த இடத்தில் பென்சிலால் கோடு போட்டிருந்தாள்.

மருத்துவரிடம் இதைச் சொன்னேன். அவர் சிரிக்கவில்லை. "ஒரு கதையால வர்ற வியாதி இல்லை, சார். பிறவியில வர்ற வாகு, சுபாவம், பட்டினி கிடக்க ஆரம்பிச்சது, சுத்தி இருக்கிறவங்க பேச்சு, எல்லாம் சேர்ந்து வர்றது. உங்களையே பெரிசாக்கிக்காதீங்க" என்றார். சரிதான். ஆனாலும் நம் கதைகளில் நல்ல பெண் யார் என்று எண்ணிப் பார்க்கிறேன். கடைசியில் சாப்பிடுகிறவள், குறைவாகச் சாப்பிடுகிறவள், சாப்பிடாமலே இருந்துவிடுகிறவள். அழகான பெண்ணுக்கோ இடையே இருக்கக் கூடாது! வயிறாரச் சாப்பிட்டு ஏப்பம் விடுகிற கதாநாயகியை நான் ஒரு நாளும் எழுதியதில்லை. பழியை நான் முழுவதும் சுமக்க வேண்டியதில்லை. ஆனால் என் பங்கை இறக்கி வைத்துவிட்டும் போக முடியவில்லை.

பட்டினி மனிதனை என்ன செய்கிறது என்பதற்கு ஒரு பெரிய பரிசோதனை நடந்திருக்கிறது. இரண்டாவது உலக யுத்தத்தின்போது, அமெரிக்காவில் மினசோட்டா சர்வகலாசாலையில், ஆன்ஸெல் கீஸ் என்பவர் நடத்தியது. துப்பாக்கி ஏந்த மனச்சாட்சி இடந்தராத 36 இளைஞர்கள் தாமாக முன்வந்தார்கள். 1945-ஆம் வருஷம் ஆறு மாத காலம் அவர்களுக்கு அரைவயிற்று உணவு. எடையில் நாலில் ஒரு பங்கு போயிற்று. ஆனால் போனது எடை மட்டுமல்ல. அந்த நல்ல இளைஞர்கள் எரிச்சல் கொண்டார்கள், சிரிப்பை மறந்தார்கள், தனித்து ஒதுங்கினார்கள், சமையல் புத்தகங்களைச் சேர்த்து வைத்து இரவெல்லாம் படித்தார்கள், தட்டிலிருந்த கொஞ்சத்தை மணிக்கணக்காக அளைந்துகொண்டிருந்தார்கள். அவர்களில் யாருக்கும் இந்த நோய் இல்லை. வெறும் பட்டினி செய்த வேலை அது.

இதைப் படித்த அன்றுதான் என் மருமகளின் பிடிவாதத்தில் பாதி அவளுடையதல்ல என்று தெரிந்துகொண்டேன். அவள் நோட்டுப் புத்தகத்தில் அவள் ஒரு நாளும் சாப்பிடாத இனிப்புகளுக்கெல்லாம் செய்முறை எழுதி வைத்திருந்தாள். அதைப் பார்த்துவிட்டு, "ஆசை இருக்கு பார், நடிக்கிறா!" என்று அத்தான் சொன்னதும் நினைவுக்கு வந்தது.

அந்தப் பரிசோதனையில் இன்னொரு செய்தியும் உண்டு. சிலர் வெளியே போனபோது ஆசை தாங்காமல் எதையோ வாங்கித் தின்றுவிட்டார்கள். அதன் பிறகு யாரும் தனியாக வெளியே போகக் கூடாது, இன்னொருவன் கூட வரவேண்டும் என்று விதி செய்தார்கள். அதற்கும் துணை என்றுதான் பெயர். ஆனால் அந்தத் துணை காவல். துணை என்ற ஒரே சொல்லுக்குள் எத்தனை விதம் இருக்கிறது என்று நான் யோசிக்கத் தொடங்கியது இங்கேதான்.

மருத்துவர் முதலில் செய்ய வேண்டியதைச் செய்தார். ரத்தம் பார்த்தார், இதயத்தைப் பார்த்தார். நாங்கள் நினைத்ததுபோல் ஒரேயடியாக வயிற்றை நிரப்பக் கூடாது என்றார். நெடுநாள் காய்ந்த உடலில் திடீரென்று உணவைக் கொட்டினால் ரத்தத்தில் உள்ள உப்புகள் நிலைகுலைந்து உயிருக்கே ஆபத்து வரலாமாம். எத்தனை வேளை, எவ்வளவு என்பதெல்லாம் அவரும் உணவு நிபுணரும் தீர்மானித்தார்கள். மன நோய்களிலேயே அதிகமாக உயிரைக் குடிப்பவற்றில் இது ஒன்று என்பதையும் அவர்தான் சொன்னார். சில மாதங்கள் கழித்து, "ஒரு டீச்சர் இருக்காங்க. அவங்களும் இதிலேர்ந்து வந்தவங்கதான். வாரத்துக்கு ரெண்டு நாள் இவளோட உட்கார்ந்து சாப்பிட முடியுமான்னு கேட்டுப் பார்க்கிறேன்" என்றார்.

அவர் வந்தார். நாற்பதைத் தாண்டியவர், அரசுப் பள்ளியில் கணக்கு வாத்தியார். அவர் என்ன செய்கிறார் என்று முதல் நாள் கூடத்தில் உட்கார்ந்து கவனித்தேன். ஒன்றுமே செய்யவில்லை! இரண்டு தட்டு வைக்கச் சொன்னார். இரண்டிலும் ஒரே சாப்பாடு, ஒரே அளவு. தம் தட்டில் இருந்ததைச் சாப்பிட்டார். பள்ளிக்கூடத்துக் குரங்கு ஒன்று தலைமையாசிரியரின் மூக்குக் கண்ணாடியைத் தூக்கிக்கொண்டு போன கதையைச் சொன்னார். சாப்பிடு என்று ஒரு தடவைகூடச் சொல்லவில்லை. சாப்பிட்டு முடிந்ததும் பையிலிருந்து விடைத்தாள் கட்டை எடுத்து வைத்தார். "மார்க்கைக் கூட்டிப் போடறியா?" என்றார். ஒரு மணி நேரம் இருவரும் மார்க் கூட்டினார்கள். கலோரிகளைக் கூட்டிக் கூட்டியே பழகிய மூளை, ஏழாம் வகுப்புப் பிள்ளைகளின் மதிப்பெண்களைக் கூட்டிற்று.

அந்த ஒரு மணி நேரம்தான் விஷயம் என்று பின்பு சொன்னார். "சாப்பிடறதைவிட சாப்பிட்டதுக்கு அப்புறம்தான் சார் கஷ்டம். வாந்தி எடுக்கணும், ஓடணும், தன்னைத் தானே திட்டிக்கணும். அந்த நேரத்துல யாராவது பக்கத்துல இருந்தாப் போதும்."

தமக்கு நோய் முற்றியிருந்தபோது தம் எடை என்ன என்பதை அவர் அவளிடம் சொன்னதில்லை. அவள் கேட்டாள்; சொல்ல மறுத்துவிட்டார். "சொன்னா அது பந்தயமாயிடும்" என்றார். ரகசியங்களைக் காப்பாற்றுவதாகச் சொன்னார். ஆனால் உயிருக்கு ஆபத்தான எதையும் மருத்துவரிடம் சொல்லிவிடுவேன் என்றும் அன்றைக்கே சொல்லிவிட்டார். இந்த நேர்மை எனக்குப் பிடித்திருந்தது.

ஒருவர் பட்ட துன்பம் அவருக்கு இன்னொருவரை வழிநடத்தும் தகுதியைத் தந்துவிடுகிறதா? 'தலைவலியும் காய்ச்சலும் தனக்கு வந்தால் தெரியும்' என்கிறோம். இந்தப் பழமொழியின் மேல் ஒரு பெரிய காரியமே எழுந்திருக்கிறது. 1935-இல் அமெரிக்காவில் ஆக்ரன் என்ற ஊரில் குடிப் பழக்கத்தில் சீரழிந்த இருவர், ஒரு பங்குத் தரகரும் ஒரு மருத்துவரும், ஒருவர் கதையை ஒருவர் கேட்டே மீண்டார்கள். அதிலிருந்து பிறந்ததுதான் இன்று உலகமெங்கும் இருக்கிற குடிநோயாளிகள் சங்கம். முன்னே போனவன் பின்னே வருகிறவனுக்குக் கைகொடுக்கிற முறை. ஆனால் குடிகாரனுக்கு ஒரு சௌகரியம் உண்டு. சாராயக் கடைப் பக்கமே போகாமல் இருந்துவிடலாம். சோற்றை விட்டுவிட்டு யார் வாழ்வது? பயந்த பொருளை நாளைக்கு மூன்று தடவை நேருக்கு நேர் பார்த்தாக வேண்டும்.

துன்பம் பட்டவர்கள் சேர்ந்தால் நன்மைதான் விளையும் என்பதும் இல்லை. உறையூர்ச் சோழன் கோப்பெருஞ்சோழன் தன் மக்களோடு மனம் கசந்து, வடக்கிருந்து உயிர்விடத் துணிந்தான். பாண்டிய நாட்டுப் பிசிராந்தையார் அவனை ஒரு நாளும் பார்த்தறியாத நண்பர். வருவார் என்று மன்னன் இடம் ஒதுக்கி வைத்தான். அவரும் வந்து உடன் உண்ணாதிருந்து உயிர் துறந்தார். நட்புக்கு இதைத்தான் சிகரமாகச் சொல்லிக் கொடுத்தார்கள். நானும் மேடையில் சொல்லிக் கைதட்டு வாங்கியிருக்கிறேன். இன்று சொல்லும்போது என் குரல் நடுங்கும். ஏனென்றால் என் மருமகள் விடுதியில் அவளுக்கும் அப்படி ஒரு தோழி இருந்தாள். இருவரும் சேர்ந்து சாப்பிடாமல் இருந்தார்கள்; ஒருத்திக்காக மற்றொருத்தி விடுதிக் கணக்கில் கையெழுத்துப் போட்டாள்; யார் இடுப்பு சிறியது என்று நூல் வைத்து அளந்தார்கள். அதுவும் நட்புதான், உண்மையான நட்பு. பிசிராந்தையாரைக் குறை சொல்ல எனக்குத் தகுதியில்லை. அவர் காலத்து அறம் வேறு. ஆனால் உடன் பட்டினி கிடக்க ஒரு நண்பர் கிடைப்பதைவிட, உடன் சாப்பிட ஒருவர் கிடைப்பது அரிது என்று இப்போது தோன்றுகிறது.

ஆகவே பட்ட அனுபவம் மட்டும் போதாது. டீச்சரே ஒரு நாள் சொன்னார்: "எனக்கு வந்ததுதான் இவளுக்கும் வந்திருக்குன்னு நான் நினைச்சுட்டா, இவளைப் பாக்கறதை விட்டுடுவேன் சார். என்னைத்தான் பாத்துக்கிட்டிருப்பேன்." கதைகளில் எத்தனை பாத்திரங்களை நான் இப்படிப் பார்க்காமலே விட்டிருக்கிறேன்!

ஏழெட்டு மாதங்கள் நன்றாகப் போயிற்று. திடீரென்று ஒரு நாள், இரண்டு மாதத்துக்கு வரமுடியாது என்று டீச்சர் சொல்லியனுப்பினார். அவருடைய தாயார் காலமாகிவிட்டார். அது எங்களுக்குத் தெரியும். காரியமெல்லாம் முடிந்தபிறகும் வரவில்லை. எனக்குச் சுருக்கென்றது. தொலைபேசியில் கூப்பிட்டு, "பாதியில விட்டுட்டுப் போறீங்களே டீச்சர், அந்தப் பொண்ணு என்ன ஆவா?" என்று கேட்டுவிட்டேன்.

சற்று நேரம் பேச்சில்லை. பிறகு சொன்னார்: "துக்க வீட்டுல சாப்பாடு இறங்கலைன்னா யாரும் ஏன்னு கேக்க மாட்டாங்க சார். அது எனக்கு ரொம்ப வசதியாப் போச்சு. பத்து நாள் கழிச்சுத்தான் எனக்கே தெரிஞ்சது, பழைய குரல் திரும்ப வந்திருக்குன்னு. டாக்டர்கிட்ட சொல்லிட்டேன். அவகிட்டயும் சொல்லிட்டேன். நான் பரிமாறறவ இல்லை சார். பக்கத்து இலையில உக்காந்திருக்கிறவ. என் இலையில நான் சாப்பிடாம இருந்தா, அவ எதைப் பார்த்துச் சாப்பிடுவா?"

எனக்கு வெட்கமாயிருந்தது. அந்த அம்மாளை நான் மருந்தாக நினைத்திருந்தேன். மருந்துக்குத் தாய் சாவதில்லை, மனுஷிக்குச் சாகிறாள்.

பக்கத்து இலைக்குப் பாயசம் கேட்பது என்று நம்மிடம் ஒரு வசனம் உண்டு. தனக்கு வேண்டியதைப் பிறர் பேரால் கேட்டுவாங்கிக்கொள்கிற சாமர்த்தியம். உதவி செய்கிறவர்கள் எல்லோருக்கும் இந்த ஆபத்து இருக்கிறது. தன் காயத்தை ஆற்றிக்கொள்வதற்காக இன்னொருவர் காயத்துக்குக் கட்டுப் போடுவது. அவள் குணமானால் தான் குணமானதாக அர்த்தம் என்று எண்ணிவிடுவது. அப்படி எண்ணினால், அவள் ஒரு நாள் வழுக்கினாலும் அது தன் தோல்வியாகிவிடும். அவளை மன்னிக்க முடியாது. டீச்சருக்கு இது தெரிந்திருந்தது. தம் இலை வேறு, அவள் இலை வேறு என்று அறிந்திருந்தார். மீண்டு வந்தவர் என்பதற்காகவே பிறருக்கு உழைக்கக் கடன்பட்டவர் என்று நாம் சொல்ல முடியாது. கரையேறியவன் திரும்பக் குதித்துத்தான் ஆகவேண்டும் என்று கரையில் நிற்கிறவன் எப்படிச் சொல்வது? அவர் தந்தது தானம். கணக்குக் கேட்க எனக்குப் பாத்தியதை இல்லை.

மருமகள் என்ன ஆனாள்? ஒரு வாரம் தடுமாறினாள், பொய் சொல்லவில்லை. "டீச்சருக்கே திரும்ப வருதுன்னா எனக்கும் வரும் மாமா. வந்தா சொல்லலாம் போலிருக்கு" என்றாள். குணமாவது என்றால் வராமலே போய்விடுவது என்று நான் நினைத்திருந்தேன். வந்தால் சொல்வது என்று அவள் கற்றுக்கொண்டிருந்தாள். இதை டீச்சர் இருந்து கற்பித்திருக்க முடியாது, விலகியதால் கற்பித்தார்.

அந்த இரண்டு மாதம் அவர் இடத்தில் உட்கார்ந்தது என் அக்கா. கல் துரை விரட்டிய உறவினரை மருத்துவ உலகம் நூறு வருஷம் கழித்துத் திரும்ப அழைத்துக்கொண்டது. லண்டன் மாட்ஸ்லி ஆஸ்பத்திரியில் தாய் தந்தையரையே சிகிச்சைக்குத் துணையாக்கிப் பார்த்தார்கள். 19 வயதுக்குள் நோய் கண்டு, மூன்று வருஷத்துக்கு மேற்படாத பிள்ளைகளுக்கு அது தனிச் சிகிச்சையைவிட நல்ல பலன் தந்ததென்று 1987-இல் அறிவித்தார்கள். உறவினர் மோசமானவர்கள் அல்ல, கற்றுக்கொள்ளாதவர்கள். அக்கா கற்றுக்கொண்டாள். தட்டை எடுத்துக்கொண்டு பின்னால் நடப்பதை விட்டாள். வாழ்நாளில் முதன் முறையாக, எல்லோருக்கும் போட்டுவிட்டுக் கடைசியில் சாப்பிடாமல், மகளுக்கு எதிரே தனக்கும் ஒரு தட்டுப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தாள். பிள்ளைக்கு மருந்து என்று வந்த ஏற்பாட்டில் தாய்க்கும் சூடான சாதம் கிடைத்தது!

டீச்சர் மூன்றாம் மாதம் திரும்பி வந்தார். இப்போது மாதம் ஒரு முறை வருகிறார். மார்க் கூட்ட ஆள் வேண்டும் என்கிறார்.

சென்ற ஆவணியில் உறவில் ஒரு கல்யாணம். பந்தியில் அவள் என் பக்கத்தில் உட்கார்ந்தாள். சாம்பார் சாதம் முடியும் சமயம், தூரத்து உறவில் ஓர் அத்தை கடந்துபோனவள் நின்று, "இப்பத்தான்டி கன்னத்துல சதை வச்சிருக்கு, ஜோரா இருக்கே!" என்றாள். மனசார வாழ்த்தத்தான் சொன்னாள். அவள் கை இலையில் அப்படியே நின்றுவிட்டது.

எனக்கு ஆயிரம் வார்த்தைகள் வந்தன. ஒன்றையும் சொல்லவில்லை. என் இலை காலியாகிவிட்டது. எதிர் வரிசையில் எழுந்திருக்க ஆரம்பித்துவிட்டார்கள். பக்கத்தில் இருப்பவர் சாப்பிட்டு முடிக்குமுன் எழக் கூடாது என்று சின்ன வயதில் என் அம்மா சொல்லியிருக்கிறாள். அது வெறும் மரியாதை என்றுதான் இத்தனை நாள் நினைத்திருந்தேன்.

ரசம் வாளியோடு போன பையனைக் கூப்பிட்டேன். "தம்பி, எனக்கு இன்னும் கொஞ்சம் சாதம் போட்டு ரசம் விடு" என்றேன். வயிற்றில் இடமில்லை. மெதுவாகப் பிசைந்துகொண்டு, டீச்சர் பள்ளிக்கூடத்துக் குரங்கு இப்போது என்ன செய்கிறது என்று கேட்டேன்.

கொஞ்ச நேரம் கழித்து அவள் சொல்ல ஆரம்பித்தாள். அதற்கும் கொஞ்ச நேரம் கழித்து அவள் கை அசைந்தது.